வேலைக்குப் போகும் வழிக்கும் விலை உண்டு
வாசகர் கேள்வி–பதில்

இம்முறை தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: வீடு மனசுக்குப் பிடித்துவிட்டது, வேலையோ தூரத்தில் இருக்கிறது. சமையலறையையும் படுக்கையறையையும் பத்து முறை சுற்றிப் பார்க்கும் நாம், தினமும் இரண்டு முறை போய்வர வேண்டிய சாலையை ஒருமுறைகூட உரிய நேரத்தில் பார்ப்பதில்லை. எனவே இந்த இதழின் பதில்கள் முழுக்க அதைப் பற்றியே.

கேள்வி: எனக்கு பிராஸ்பெக்டன் தொழிற்பேட்டையில் காலை 6 மணி ஷிப்டு. மனைவிக்கு உம்லாங்கா ரிட்ஜில் அலுவலகம், 8 மணிக்கு. சாட்ஸ்வர்த்தில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்த வீடு வாங்கலாம் என்றதும் வீட்டுப் பெரியவர்கள், “இரண்டு பேருக்கும் நடுவில், ரெசர்வாயர் ஹில்ஸ் பக்கம் பாருங்கள்” என்கிறார்கள். மகன் அடுத்த ஆண்டு பள்ளியில் சேர்கிறான். நடுவில் வாங்குவதுதானே நியாயம்?
— வாசகர், சாட்ஸ்வர்த்

நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் உங்கள் கணக்கில் நடு என்பதற்கு மதிப்பு குறைவு.

பிராஸ்பெக்டன் டர்பனுக்குத் தெற்கே, உம்லாங்கா வடக்கே. என்2 நெடுஞ்சாலை வழியாக இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்தச் சாலையை ஒட்டி நீங்கள் எங்கே குடியிருந்தாலும், உங்கள் இருவரின் ஒருவழித் தூரத்தைக் கூட்டினால் அதே 40 கிலோமீட்டர்தான் வரும். ரெசர்வாயர் ஹில்ஸ் என்றால் ஆளுக்குப் பாதி. உம்லாங்கா பக்கம் என்றால் முழுத் தூரமும் உங்களுக்கு. பெட்ரோல் செலவு பெரிதாக மாறாது. மாறுவது, அந்தத் தூரத்தை யார் எந்த மணிக்குக் கடக்கிறார் என்பதுதான்.

6 மணி ஷிப்டுக்குப் போகிறவர் ஐந்தேகாலுக்கு என்2-வில் ஏறுகிறார். அப்போது சாலை திறந்து கிடக்கும். 40 கிலோமீட்டரை 35 நிமிடத்தில் கடந்துவிடலாம். பிற்பகலில் அந்த ஷிப்டு முடிந்து திரும்பும்போதும் மாலை நெரிசல் தொடங்கியிருக்காது. 8 மணி அலுவலகத்துக்குப் போகிறவர் நிலைமை வேறு. இப்போது சாட்ஸ்வர்த்திலிருந்து வடக்கே போகும் அவர் காலை ஏழு மணிக்கு என்2-வும் என்3-வும் சந்திக்கும் ஈபி குளூட்டி சந்திப்பைத் தாண்டியாக வேண்டும். எல்லோரும் ஸ்பகெட்டி ஜங்ஷன் என்று சொல்லும் இடம் அதுதான். அங்கே விரிவாக்கப் பணியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு லாரி பழுதாகி நின்றால் போதும், முழுப் பாதையும் நிற்கும்.

அதனால் எங்கள் கருத்து: 8 மணி வேலைக்கு அருகில் குடியிருங்கள். ஃபீனிக்ஸ், மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் தேடுங்கள். உங்கள் மனைவி ஸ்பகெட்டி ஜங்ஷனைத் தொடவே வேண்டாம். எம்41 சாலை வழியாக உம்லாங்காவுக்குப் போய்விடலாம். அந்தச் சாலையிலும் காலையில் கூட்டம் உண்டுதான், ஆனால் தூரம் குறைவு. பள்ளி விடும் நேரத்துக்கும் உங்கள் ஷிப்டு முடியும் நேரத்துக்கும் அதிக இடைவெளி இல்லை, ஆகவே மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது உங்கள் பொறுப்பாகட்டும். காலையில் விடுவது அவர் பொறுப்பு. பள்ளி வீட்டுக்கும் அவர் அலுவலகத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் இருந்தால், நீங்கள் மிச்சப்படுத்தியதை அந்தப் பள்ளிப் பயணமே தின்றுவிடும்.

இரண்டு இடத்தில் இந்தத் திட்டம் உடையும். முதலாவது, உங்கள் ஷிப்டு சுழற்சியில் வருமானால். பிற்பகல் ஷிப்டு முடிந்து இரவு பதினொன்றுக்கு மேல் 40 கிலோமீட்டர் தனியே வருவது காலை ஐந்து மணிப் பயணம் போன்றதல்ல. சாலையோர உதவித் திட்டம், நல்ல டயர், நல்ல பேட்டரி, கால் தொட்டிக்குக் குறையாத பெட்ரோல் ஆகியவை இல்லாமல் அந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்டு என்றால் இந்த யோசனையையே திரும்பப் பெறுகிறோம். அப்போது ரெசர்வாயர் ஹில்ஸ் நல்ல இடம்.

இரண்டாவது, யாருடைய வேலை நிலையானது என்பது. ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் வேலையை நம்பி 20 ஆண்டுக் கடன் எடுக்கக் கூடாது.

கேள்வி: வெருலத்தில் ஒரு ஷோ ஹவுஸ் பார்க்க ஞாயிறு மதியம் போனோம். டர்பன் நகர மையத்திலிருந்து அரை மணிகூட ஆகவில்லை. ஏஜென்ட்டும் “முப்பது நிமிடம்தான்” என்கிறார். நம்பலாமா?
— வாசகி, ஓவர்போர்ட்

ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் முப்பது நிமிடம்தான். நீங்கள் வேலைக்குப் போவது ஞாயிறு மதியம் அல்லவே.

அளக்கும் முறையைச் சொல்கிறோம். பள்ளி நடக்கும் வாரத்தில் செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி விடுமுறையில் அளந்தால் நகரச் சாலைகள் இளகி இருக்கும், கணக்கு ஏமாற்றும். அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தி, நீங்கள் வழக்கமாகக் கிளம்ப வேண்டிய மணிக்குப் புறப்படுங்கள். கேட்டைப் பூட்டும் நொடியிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும் நொடி வரை நேரம் குறியுங்கள். கார் நிறுத்த இடம் தேடுவது, பார்க்கிங்கிலிருந்து நடப்பது, லிப்டுக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். பலர் சாலை நேரத்தை மட்டும் குறித்துவிட்டு, பிறகு தினமும் கால் மணி நேரம் தாமதமாகிறார்கள். மாலையில் திரும்பும் பயணத்தைத் தனியாக அளங்கள். பிறகு ஒரு மாதக் கடைசி வெள்ளி மாலையில் இன்னொரு முறை. சம்பளம் வந்த அந்த மாலையில் சாலைகளும் கடை வாசல்களும் எப்படி நெரியும் என்று டர்பனில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேரில் போக முடியாத நாள்களுக்கு, கூகுள் மேப்பில் ‘இத்தனை மணிக்குச் சேர வேண்டும்’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அது 35 முதல் 65 நிமிடம் என்பதுபோல் ஒரு வீச்சைக் காட்டும். மனம் 35-ஐப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் 65-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலையில் உங்கள் பெயர் கெடுவது சராசரி நாளில் அல்ல, மோசமான நாளில்தான்.

வெருலம் என்பதால் இன்னொன்றும் பாருங்கள்: அந்தத் தெருவிலிருந்து வெளியே வர எத்தனை வழிகள்? 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனைத் தாக்கிய வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சாலைகள், பாலங்கள், ரயில் பாதைகள் உடைந்தன. தண்ணீர் இறங்கிய பிறகும், ஒரே பாலத்தை நம்பியிருந்த தெருக்காரர்கள் நெடுநாள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. என்2, பழைய ஆர்102 இரண்டுக்கும் தனித்தனியாகப் போய்ச்சேர முடிகிறதா, வழியில் தாழ்ந்த பாலம் உண்டா என்று கேளுங்கள். ஏஜென்ட்டிடம் மட்டுமல்ல, எதிர்வீட்டு அம்மாவிடமும் கேளுங்கள். அவருக்குத்தான் எந்த மழையில் எந்தத் திருப்பம் மூழ்கும் என்று தெரியும்.

கேள்வி: வேலைக்கு அருகில் உள்ள வீடு 1,50,000 ரேண்ட் அதிகம். தூரத்து வீடு ஒருவழிக்கு 15 கிலோமீட்டர் கூடுதல். எது லாபம் என்று எப்படிக் கணக்கிடுவது?
— வாசகர், ஃபீனிக்ஸ்

இரண்டையும் மாதச் செலவாக மாற்றினால்தான் ஒப்பிட முடியும்.

முதலில் சாலை. கூடுதலாக 15 கிலோமீட்டர், போகவர 30, மாதம் 21 வேலைநாள் என்றால் 630 கிலோமீட்டர். சிறிய கார் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும், நெரிசலில் நின்று நின்று போனால் 8-க்கு வந்துவிடும். 8 என்றே வைத்தால் 50 லிட்டர். லிட்டர் 22 ரேண்ட் என்று கொண்டால் 1,100 ரேண்ட். (விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறுகிறது. அன்றைய கடலோர விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், கடலோரமல்லாத உட்பகுதிகளின் விலை அதைவிடக் கூடுதல்.) அடுத்து தேய்மானம். நான்கு டயர் 5,000 ரேண்ட், 45,000 கிலோமீட்டர் ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 11 சென்ட். 15,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், 3,500 ரேண்ட் என்றால் 23 சென்ட். இந்த இரண்டுக்கும் மாதம் 214 ரேண்ட். ஆக, 1,300 ரேண்டுக்குச் சற்று மேல். கார் ஓட ஓட அதன் விற்பனை மதிப்பு குறைவதை இன்னும் நாம் சேர்க்கவில்லை.

இனி வீடு. 20 ஆண்டு பாண்டு (வீட்டுக் கடன்), 10.5 சதவீத வட்டி என்றால், கடனில் ஒவ்வொரு 1,00,000 ரேண்டுக்கும் மாதத் தவணை ஏறத்தாழ 1,000 ரேண்ட். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் கால்குலேட்டர் இல்லாமலே எந்த வீட்டையும் எடைபோடலாம். உங்கள் 1,300 ரேண்ட், 1,30,000 ரேண்ட் கடனுக்குச் சமம். அருகில் உள்ள வீட்டின் கூடுதல் விலை 1,50,000. வித்தியாசம் மாதம் 200 ரேண்ட்தான். அந்த 200-க்கு உங்களுக்குக் கிடைப்பது நேரம். கூடுதல் 15 கிலோமீட்டர் நெரிசலில் 25 நிமிடம் எடுக்குமானால் மாதம் பதினேழரை மணி நேரம். மேலும், பாண்டுக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதி வீடாக உங்களிடம் நிற்கிறது. பெட்ரோல் புகையாகப் போய்விடுகிறது.

ஆனால் கையெழுத்திடும் முன் லெவியை (குடியிருப்பின் பொதுப் பராமரிப்புக்கு மாதாமாதம் கட்டும் தொகையை) பாருங்கள். வேலைக்கு அருகில் உள்ளவை பெரும்பாலும் காம்ப்ளக்ஸ் வீடுகள். மாதம் 2,000 ரேண்ட் லெவி என்றால் மேலே போட்ட கணக்கு முழுதும் தலைகீழாகும். நகராட்சி வரியும் மதிப்புக்கு ஏற்ப ஏறும். 2025 ஏப்ரல் 1 முதல் அமலான அட்டவணைப்படி 12,10,000 ரேண்ட் வரையான வீட்டுக்கு மாற்றுத் தீர்வை (வீடு கைமாறும்போது வாங்குபவர் கட்டும் வரி) இல்லை. அந்தக் கோட்டை ஒட்டி விலை இருந்தால் பேரம் பேசி அதற்குள் கொண்டுவரப் பாருங்கள். வழக்கறிஞர் கட்டணம் எப்படியும் உண்டு. அதனால்தான் “இப்போதைக்கு வாங்குவோம், ஒத்துவராவிட்டால் இரண்டு வருடத்தில் விற்றுவிடுவோம்” என்பது நம் குடும்பங்களில் அடிக்கடி பணம் கரையும் வழியாக இருக்கிறது.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவதை லாக்புக்கில் எழுதி வரியில் கழிக்கலாம் என்று நினைக்கிறார்கள். சார்ஸ் (தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை) கணக்கில் அது சொந்தப் பயணம். கழிக்க முடியாது.

கேள்வி: சாட்ஸ்வர்த்திலிருந்து நகரத்துக்குப் போகும்போது குளிர்காலக் காலையில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது. பைன்டவுனுக்கு மாறினால் தப்பலாமா?
— வாசகர், சாட்ஸ்வர்த்

காலையில் தப்பலாம், மாலையில் மாட்டிக்கொள்வீர்கள். ஜூன் மாதம் டர்பனில் சூரியன் வடகிழக்கில் உதிக்கிறது, ஏழு மணிக்குச் சற்று முன். சாட்ஸ்வர்த்திலிருந்து நகரம் இருப்பதும் வடகிழக்கில்தான். ஐந்து மணி கழிந்ததும் வடமேற்கில் மறைகிறது, என்3-இல் பைன்டவுன் நோக்கிப் போகிறவர்களுக்கு அது நேர் எதிரே. இதற்காக வீடு மாற்ற வேண்டாம். முன்கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடையுங்கள். டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து படியும் மெல்லிய படலம்தான் ஒளியைச் சிதறடிக்கிறது. வெளிப்பக்கம் கடல் உப்பு, தேய்ந்த வைப்பர் கோடுகள். முன்செல்லும் வண்டிக்கு மூன்று, நான்கு வினாடி இடைவெளி விடுங்கள். முகப்பு விளக்கை எரியவிடுங்கள், எதிரே வருபவருக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

கேள்வி: மகளுக்கு மேவில்லில் உள்ள பெரிய மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. காலை 7 முதல் இரவு 7 வரை ஷிப்டு. டோங்காட்டில் எங்களுடனே இருந்து டாக்ஸியில் போய்வரலாம் என்கிறாள். கார் இல்லை. அனுப்பலாமா அம்மா?
— ஒரு தாய், டோங்காட்

அம்மா, கிலோமீட்டரை விட்டுவிட்டு, எத்தனை இடத்தில் இறங்கி ஏற வேண்டும் என்று எண்ணுங்கள். டோங்காட்டிலிருந்து நகரத்துக்கு ஒரு டாக்ஸி, வார்விக் சந்திப்புப் பக்கம் இறங்கி, வேறு ரேங்குக்கு (டாக்ஸி நிறுத்தத்துக்கு) நடந்து, மேவில்லுக்கு இன்னொரு டாக்ஸி. மினிபஸ் டாக்ஸிக்குக் கால அட்டவணை கிடையாது, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 20 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு வார்டில் நிற்க, மகள் இருட்டிலேயே வாசலைத் தாண்ட வேண்டியிருக்கும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது இரவு. பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஏழரைக்கு வெளியே வரும்போது வரிசை குறைந்திருக்கும், டாக்ஸிகளும் குறைந்திருக்கும். நிறைய நேரம் காத்திருக்க நேரும், அதுவும் மாற்றம் செய்யும் இடத்தில்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஒரு நன்மை, மாதத்துக்கு 14 நாள் அளவுதான் போக வேண்டும். தினசரி வேலைபோல் 21 நாள் அல்ல. அதனால் முழு வாடகை கொடுத்து அறை எடுப்பது அவசியமில்லாமல் போகலாம். ஷிப்டுகள் அடுத்தடுத்த நாள்களில் வரும்போது, இடைப்பட்ட இரவை மருத்துவமனைக்கு அருகில், சிடன்ஹாம், ஓவர்போர்ட் பக்கம் உறவினர் வீட்டில் கழிக்க முடியுமா என்று பாருங்கள். சின்னம்மா வீடே ஆனாலும் மாதம் இவ்வளவு என்று பேசி, மளிகைக்கும் மின்சாரத்துக்கும் பணம் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் உறவும் கெடாது, மகளும் தயங்காமல் தங்குவாள். பெண்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒரு பிளாட் எடுப்பது அடுத்த வழி.

அதே வார்டில் வடக்கிலிருந்து காரில் வருபவர் இருந்தால் லிப்டு கிளப் (ஒரே காரில் சேர்ந்து போவது) சேரலாம். பெட்ரோல் செலவைப் பங்கிடுவதோடு நிற்க வேண்டும். லாபம் வைத்து வசூலித்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கூலிக்கு ஆள் ஏற்றியதாகச் சொல்லி மறுக்க இடமுண்டு. ஓட்டுபவரும் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர் என்பதை மறக்க வேண்டாம். இரவு ஷிப்டு முடித்த காலையில் கண் அசரும் ஒருவரோடு நெடுஞ்சாலையில் வருவதைவிட ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புவது மேல். இன்னொன்று: வேலைக்குப் போகும் வழியில் படும் காயத்துக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொதுவாக உதவாது. முதலாளி இதற்கென்றே இலவசமாக ஏற்பாடு செய்த வண்டியில், அவரோ அவர் ஊழியரோ ஓட்டிவரும்போது நேர்ந்தால்தான் உண்டு. மருத்துவமனை அப்படி வண்டி விடுகிறதா என்று சேரும் நாளிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லெனேசியாவில் குடும்பம், சாண்ட்டனில் புது வேலை. பார்க் ஸ்டேஷன் வரை காரில் போய் கவுட்ரெய்ன் விரைவு ரயில் பிடித்தால் சரிவருமா?
— வாசகர், லெனேசியா

ரயில் உங்களுக்கு உதவுவது கடைசிச் சிறு பகுதியில் மட்டும். லெனேசியாவிலிருந்து ஜோகன்னஸ்பர்க் மையம் வரை 30 கிலோமீட்டருக்கு மேல் நெரிசலில் ஓட்டிய பிறகு, பார்க்கிங், ரயில் கட்டணம், நடை என்று மூன்றும் சேரும். கவுட்ரெய்னில் நெரிசல் நேரக் கட்டணமும் கூடுதல். ரயிலை நம்பி வீடு மாற்றுவதென்றால் இரண்டு முனையிலும் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். மிட்ராண்ட், சென்சூரியன் நிலையங்களை ஒட்டிய பிளாட் என்றால் கணக்குச் சரிவரும். குடும்பத்தை நகர்த்த மனமில்லை என்றால் நேரத்தை நகர்த்துங்கள்: ஆறரைக்குள் சாண்ட்டனைத் தொடும்படி கிளம்பி, மூன்றரைக்கு வெளியேற மேலாளரிடம் கேளுங்கள். 2024 ஏப்ரல் 12 முதல் கவுட்டெங் மாகாண நெடுஞ்சாலைகளில் இ-டோல் (மின்னணுச் சுங்கக் கட்டணம்) இல்லை என்பதால் என்1-ஐத் தவிர்த்துச் சுற்றிப் போகும் பழைய வழக்கத்தையும் ஒருமுறை மறுபரிசீலனை செய்யுங்கள்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலில் பெற்றோருக்கு அருகில் வீடு கிடைக்கிறது. டர்பன் அலுவலகத்துக்கு வாரம் இரண்டு நாள் போனால் போதும். 80 கிலோமீட்டர் அதிகமா?
— வாசகி, டர்பன்

வாரம் இரண்டு முறை 80 என்பது, ஐந்து நாளும் 32 கிலோமீட்டர் போய்வருவதற்குச் சமம். தூரமாகப் பார்த்தால் தாங்கக்கூடியது. பெற்றோர் அருகில் இருப்பதன் மதிப்பை நாங்கள் எண்ணாகப் போட மாட்டோம், நீங்களும் போட வேண்டாம்.

சிக்கல் என்3. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் பெரும்பாலும் அந்தச் சாலையில்தான், விரிவாக்கப் பணியும் நீண்டகாலமாக நடக்கிறது. ஒரு லாரி கவிழ்ந்தால் பல மணி நேரம் அசையாது. ஆகவே கிளம்பும் முன் சாலை நிலவரம் பாருங்கள், கேட்டோ ரிட்ஜ் வருவதற்குள் முடிவெடுங்கள். அங்கே வெளியேறினால் பழைய ஆர்103 வழியாக இன்சாங்கா, போத்தாஸ் ஹில், ஹில்க்ரெஸ்ட் போய் எம்13 பிடிக்கலாம். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் மாற்று வழிகள் குறைவு. தண்ணீர், போன் சார்ஜர், மாத்திரை எதுவும் இருந்தால் அதுவும் காரில் இருக்கட்டும். மரியன்ஹில் டோல் கட்டணத்தைப் போகவர இரண்டு முறை சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர், டிசம்பர் விடுமுறைத் தொடக்கத்தில் கவுட்டெங்கிலிருந்து கடற்கரைக்கு வரும் கூட்டம் இதே சாலையில் இறங்கும். அந்த வாரங்களில் வீட்டிலிருந்து வேலை கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ‘இரண்டு நாள்’ உங்கள் பணி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா? மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது என்றால் அடுத்த மேலாளர் அதை ஒரு மின்னஞ்சலில் ஐந்து நாளாக்கிவிடலாம். எழுத்தில் கிடைக்கும்வரை நார்த்டேலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு ஒப்பந்தமே ஆனாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி 20 வேலைநாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து வெளியேறலாம். வீட்டுக்காரர் நியாயமான ரத்துக் கட்டணம் கேட்க உரிமை உண்டு, அந்தத் தொகை எவ்வளவு என்பதைக் கையெழுத்திடும்போதே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.